நாலு மார்க்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

மாலை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஜனவரியில் மாற்றலாகி வந்திருக்கும் குருவானவர் செல்வின் ஐயர் தயாரித்தது. மஞ்சள் தாளில் ஜெராக்ஸ். தலைப்பு: 'நான் மெய்யான விசுவாசியா?' கீழே பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். 'ஆம்' என்றால் டிக் போட வேண்டும். டிக்குக்கு ஒரு மார்க். அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'பத்துக்குக் குறைவாகப் பெறுகிறவர்கள் மனந்திரும்பும் வரை திருவிருந்துக்கு வராதிருப்பார்களாக.'

அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பால் பொங்குவதற்குள் பன்னிரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டாள். யோசிக்கவே இல்லை.

"ஏட்டி எப்சி, ஒனக்கு எத்தன?"

"இன்னும் முடிக்கலம்மா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பரீட்சையா?"

"பரீட்சைதான். மார்க்குன்னு போட்டிருக்கே."

முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். 'நீ இரட்சிக்கப்பட்ட தேதி உனக்குத் தெரியுமா?' எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். எந்தத் தேதியில் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் நான் எழுத்தறிவில்லாதவள் ஆகிவிடுவேனா? ஆனாலும் கேட்டது தேதி. தேதி என்னிடம் இல்லை. கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

ஒரு மணி நேரம் ஆனது. நாலு மார்க்.

ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

பிப்ரவரி 15

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் கரையான். கீழ்த்தட்டு முழுவதையும் வெயிலில் பரப்பினேன். இன்று வந்த வாசகர்கள் இரண்டு பேர். ஒருவர் மழைக்கு ஒதுங்குகிற மாதிரி வெயிலுக்கு ஒதுங்கியவர்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கோயில் முடிந்து மரத்தடியில் எல்லோரும் மார்க் பேசிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று. பக்கத்து வீட்டுச் சுகிர்தம் சித்திக்குப் பதினொன்று. எதில் போனது என்று கேட்டேன்.

"எதுலயும் போகலட்டி. பன்னெண்டும் போட்டா பெரும மாதிரி இருக்கும்லா. ஒண்ணக் கொறச்சேன்."

சித்தியை எனக்கு எப்போதும் பிடிக்கும். இன்று கொஞ்சம் கூடுதலாக.

"நீ எத்தன?"

"நாலு."

சித்தி சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 23

அப்பாவின் வேலைப் பை பரணிலிருந்து விழுந்து, உள்ளேயிருந்த ரப்பர் கையுறைகள் வெளியே வந்துவிட்டன. லைன்மேன்கள் போடுவது, முழங்கை வரை வரும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே முகப்பவுடர் போட்டு வைப்பார். அந்த வாசனை அப்படியே இருக்கிறது. அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. துடைத்து, புதிதாகப் பவுடர் போட்டு மறுபடி பரணில் வைத்தேன். யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை.

இந்த ஊரில் புயலடித்த எல்லா நாளும் அவர் கம்பத்தின்மேல் இருந்தார். அவரை ஒரு தடவைகூட விழவிடாதவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மட்டும் ஏன் கையை விட்டீர்?

(மேலே உள்ள வரியை யாரைப் பார்த்து எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்கவில்லை. இருக்கட்டும்.)

மார்ச் 3, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போகிறார்கள். எங்கள் வரிசையின் முறை வந்தது. அம்மா எழுந்து முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காலை ஒடுக்கி வழிவிட்டேன்.

"என்னட்டி?"

"நாலு மார்க்கும்மா."

அவளுக்குப் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். போய்விட்டாள்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்பதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். இன்னும் நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். தாள் எல்லோருக்கும்தான் வந்தது. சந்தையில் கடைப் பையனின் கன்னத்தில் அறைந்தவர், தங்கையின் நிலத்தை எழுதி வாங்கியவர், எல்லோரும் போனார்கள். கோயிலே எழுந்து போய்விட்டது. பெண்கள் பக்கத்தில் நானும், இன்னும் திடப்படுத்தல் எடுத்துத் திருவிருந்துக்குத் தகுதியாகாத சிறு பிள்ளைகளும் மிச்சம். ஒரு குட்டி என் மடியைத் தட்டி, "அக்கா, நீங்களும் சின்னப் பிள்ளையா?" என்று கேட்டது.

ஆண்கள் பக்கக் கடைசி பெஞ்சில் ஒருவர் இருந்தார். மாவு மில் வேதமாணிக்கம் மாமா. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பு வேலம்மாள் அத்தையை, அவள் அம்மன் கோயில் கும்பிடுகிறவளாக இருக்கும்போதே, ரெஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டவர். அன்றைக்கே சபை அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவிட்டது. ஆனாலும் ஒரு ஞாயிறும் தவறாமல் வருவார், எல்லோரும் பீடத்துக்குப் போகும்போது உட்கார்ந்திருப்பார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவரைப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தபடி கடந்து போவோம். இன்றுதான் அவர் இருக்கும் இடத்திலிருந்து கோயில் எப்படித் தெரியும் என்று தெரிந்தது. முதுகுகளாகத் தெரிகிறது.

அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், எனக்கு இடம் விடுகிறவர் மாதிரி.

மார்ச் 4

அம்மா சோறு போட்டாள். மீன் வைத்திருந்தாள், எனக்குத் தலை. கோபத்திலும் தலை எனக்குத்தான்.

மார்ச் 6

நூலகத்துக்கு இன்று ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவரும் புத்தகம் எடுக்கவில்லை. எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். எதற்கு என்று மத்தியானம்வரை விளங்கவில்லை. தாலி தேடியிருக்கிறார்கள்.

மாலையில் சித்தி வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"எப்சி, சித்திகிட்ட மறைக்கப்படாது. பையன் யாரு?"

"எந்தப் பையன்?"

"மாவட்ட நூலகத்துல இருந்து பொஸ்தவக் கட்டு கொண்டாருவானாமே, முத்துக்குமாரு. அவனாட்டி?"

"அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க சித்தி."

"ஐயோ, அதுவேறயா."

எங்கள் ஊரில் ஒரு கல்யாணமாகாத பெண் திருவிருந்துக்கு எழவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான். வேதமாணிக்கம் மாமா செய்ததை அவளும் செய்துவிட்டாள். ஒருத்தி தன் விசுவாசத்தைச் சந்தேகப்பட்டு உட்காருவாள் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. மஞ்சள் தாளைக் காட்டி, அடிவரியைப் படித்துக் காட்டி, நாலு மார்க் கதையைச் சொன்னேன். சித்தி பொறுமையாகக் கேட்டாள்.

"சரி. அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

மார்ச் 9

ஐயர் வீட்டுக்கு வந்தார். அம்மா புதிய டம்ளரில் டீ கொடுத்துவிட்டு அடுக்களை நிலையில் நின்றுகொண்டாள்.

"எப்சிபா, நீ தப்பா எடுத்துக்கிட்டம்மா. அது சபையில ஒரு எழுப்புதலுக்காகக் கொடுத்த தாள்."

"பத்துக்குக் குறைஞ்சா வராதேன்னு போட்டிருக்கே ஐயா."

"போட்டிருக்கு. ஆனா..."

"யாரும் குறைச்சுப் போட மாட்டாங்கன்னு நெனச்சீங்களா?"

அவர் டீயைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். மதுரையிலிருந்து இந்தச் செம்மண் காட்டுக்கு வந்து, ஒரே மாதத்தில் எல்லோரையும் எழுப்பிவிடலாம் என்று நம்பியவர்.

"எதுல மார்க் போச்சு? சொன்னா ஜெபிக்கலாம்."

"சொல்ல மாட்டேன் ஐயா."

"ஏன்?"

"அது உங்களுக்கு எழுதினதில்ல."

"பின்ன யாருக்கு?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. டீயைக் குடித்து முடித்துவிட்டு வேறு பக்கமாக வந்தார்.

"நாலைப் பத்தாக்கிக்கிறதுக்குத்தானம்மா லெந்து நோன்பு நாட்கள் இருக்கு. முடியும்போது கணக்குப் பார்த்தா தானா பத்து வந்திரும். நீ பெரிய வியாழனுக்கு வந்தா போதும். ஊர் வாயும் அடங்கும்."

"ஊர் வாய் அடங்குறதுக்கு அப்பம் வாங்கணுமா?"

அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. விழவில்லை. போட்டாள்.

மார்ச் 12

வேதமாணிக்கம் மாமா தினமும் பத்து மணிக்கு நூலகத்துக்கு வந்து பேப்பர் படிப்பார். மில்லிலிருந்து நேராக வருவதால் புருவமெல்லாம் மாவு. அவர் படித்த பக்கங்களில் விரல் வெள்ளை இருக்கும்.

இன்று பேப்பரை மடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"என்ன மருமவளே, நெசமாவே பையன் எவனும் இல்லியா?"

"இல்ல மாமா."

"சே. நம்ம பெஞ்சுக்கு ஒரு ஆளு சேந்துதுன்னு வேலம்மாகிட்டச் சொல்லிப்புட்டேன். அவ ஒனக்குச் சீல எடுக்கணும்னு சொல்லிட்டிருக்கா."

நாலு மார்க்கைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் மாவு உதிர்ந்தது. பிறகு, சிரிப்பு முடியும் முன்பே, முகம் மாறியது.

"ஏட்டி, நான் ஒண்ணு கேப்பேன், கோவிக்கப்படாது. எனக்குத் தரமாட்டேன்னுட்டாவ. முப்பத்தோரு வருசமாப் பசியோட ஒக்காந்திருக்கேன். ஒனக்கு எலையப் போட்டுத் தண்ணி தெளிச்சு வச்சிருக்கு. நீ மார்க்கு எண்ணிக்கிட்டுக் கெடக்க. ஒன்னையப் பாத்தா எனக்கு எரியி."

"நான் பொய்யா எப்படிப் போக மாமா?"

"பொய்யாப் போவாத. பசிச்சாப் போ. பசிக்கா?"

கேட்டுவிட்டு நின்றார். நான் பேச்சை மாற்றினேன்.

"நீங்க ஏன் எழுதிக் குடுக்கல? மன்னிப்புக் கேட்டு எழுதினா சேத்துக்குவாங்கன்னு சொன்னாங்களே."

"என்னன்னு எழுத? கல்யாணம் பண்ணது தப்புன்னா? ஞாயித்துக்கெழம கோயிலுக்குச் சட்ட தேச்சுத் தாறவ அவதாம்ட்டி."

போகும்போது வாசலில் திரும்பி, "அந்த முத்துக்குமாருகிட்டச் சொல்லி ரெண்டு நல்ல நாவல் கொண்டாரச் சொல்லு. பேரு கெட்டதுக்கு அதாவது மிச்சம்" என்றார்.

மார்ச் 14

பசிக்கா என்று கேட்டார்.

இரண்டு நாளாகப் பதில் தேடவில்லை. தேடவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வந்தது. செயலாளர் கையெழுத்து, ஐயர் கையெழுத்து, முத்திரை. நான் 'குருவானவரின் ஆவிக்குரிய முயற்சியைப் பரிகசிக்கும் விதத்தில்' நடந்துகொண்டேனாம். காரணத்தையும் வருத்தத்தையும் எழுத்துமூலம் தர வேண்டும். அதோடு இரட்சிக்கப்பட்ட தேதி குறித்த சாட்சியையும் இணைக்க வேண்டும். அதுவரை திருவிருந்தை அணுகக் கூடாது.

இரண்டு முறை படித்தேன். போன வாரம்வரை உட்காராதே என்றார்கள். இந்த வாரம் எழாதே என்கிறார்கள்.

அம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏதாவது ஒரு தேதி போட்டுத் தொலையேன். ஒன் ஞானஸ்நானத் தேதியப் போடு" என்றாள்.

"அன்னைக்கு எனக்கு நாப்பது நாளும்மா. அழுதிருப்பேன். வேற ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தானட்டி எழுதுதாவ."

"அதாம்மா."

எழுத மாட்டேன். பொய்த் தேதி எழுதி உள்ளே போவதைவிட உண்மையான நாலு மார்க்கோடு வெளியே இருப்பேன். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அப்பாவுக்கும் கோபம் கையில்தான் தெரியும். கம்பத்தில் ஏறியதும் நின்றுவிடும் என்பார்.

மார்ச் 20

கரையான் மருந்து அடித்தார்கள், நூலகம் மூடல். வீட்டில் சும்மா இருந்தேன். ஏழாவது கேள்வியை இன்று எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எப்போதும் எழுத மாட்டேன்.

'ஜெப வேளையில் உறங்காமல் விழித்திருக்கிறாயா?'

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பர். அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. சபையில் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஒரு நாளின் இருபத்துநாலு மணி நேரத்தை அரைமணி அரைமணியாகப் பிரித்து நாற்பத்தெட்டு பேர். ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் தொடங்க வேண்டும். நடுவில் அறக் கூடாது. அதுதான் சங்கிலி. கோயில் பலகையில் பெயர்களை எழுதிப் போட்டார்கள். எனக்கு மத்தியானம் இரண்டு முதல் இரண்டரை.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்விழித்துவிட்டு, குளிப்பதற்காக வீட்டுக்கு வந்திருந்தேன். இரண்டு மணிக்குச் சுவரோரம் முழங்காலில் நின்றேன். 'ஆண்டவரே' என்று சொன்னது நினைவிருக்கிறது. அடுத்தது, போன் அடிக்கிற சத்தம். கன்னத்தில் பாயின் கோடுகள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். மணி இரண்டு இருபத்தைந்து. அப்பா போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் பிடித்திருந்தார்கள். அறுந்தது என் கண்ணி.

படித்த பெண் இப்படி யோசிக்கலாமா என்று எனக்கே கேட்கத் தெரியும். கிட்னிக்கும் என் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவப் புத்தகத்தில் தேடி வாசித்திருக்கிறேன். வாசித்தது எதுவும் அந்த இருபது நிமிடத்துக்குள் நுழையவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பவனி. பிள்ளைகள் ஓலையால் ஒருவர் கண்ணை ஒருவர் குத்திக்கொண்டார்கள். என்னைச் சுற்றி ஒரு முழம் இடம் காலியாகவே நகர்ந்து வந்தது. சித்தி மட்டும் அந்த இடத்துக்குள் நுழைந்து என்னோடு நடந்தாள். "எவனா இருந்தாலும் ஞானஸ்நானம் எடுத்துட்டான்னா பிரச்சினையில்லட்டி" என்றாள். நன்றி சொன்னேன்.

மத்தியானம் அம்மா கொண்டுவந்த ஓலையைக் கிழித்துச் சிலுவை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி எழுதியதை, அதே வரிசையில்.

அம்மாவின் கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"மூணு ராத்திரி முழிச்ச பிள்ள தூங்காம என்ன செய்யும்?"

"அது என் அரைமணி நேரம்மா."

"எனக்கும் ஒரு அரைமணி நேரம் இருந்துது." ஓலையைக் கீழே வைத்தாள். "பன்னெண்டுல இருந்து பன்னெண்டர. ஒங்கப்பா கட்டில் பக்கத்துல நின்னேன். கையில ஊசி குத்த எடமில்ல. வீங்கிப்போயிக் கெடக்கு. தண்ணி கேக்காவ, குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. ஊரே 'பொழைக்க வையும், பொழைக்க வையும்'னு கேட்டுக்கிட்டு இருக்கு. நான் மட்டும் 'போதும், கூட்டிட்டுப் போயிரும்'னு கேட்டேன்."

வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். அம்மா ஓலையை மறுபடி கையில் எடுத்தாள்.

"ரெண்டு மணி நேரத்துல குடுத்துட்டாரு" என்றாள். "அந்தத் தாள்ல ஒம்பதாவது கேள்வியப் பாத்தியா? 'ஜெபத்துக்குப் பதில் கிடைத்த நாள் தெரியுமா'ன்னு. மொத டிக்கு அதுலதான் போட்டேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ என் மூஞ்சியப் பாப்பியா?"

பார்த்தேன்.

பிப்ரவரி 14ஆம் தேதி, அம்மா யோசிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கப் போவதில்லை. எவ்வளவு படித்தும் நான் எவ்வளவு குருடு என்பதற்கு அது இருக்கட்டும்.

கடைசி ஓலையை மடிக்கும்போது அம்மா கேட்டாள். "வியாழக்கெழம வாறியா?"

"கடுதாசி குடுக்காம வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காவளே."

"அவிய என்ன சொன்னாவன்னு கேக்கல. நீ வாறியான்னு கேட்டேன்."

மார்ச் 27

தாளை எடுத்து மறுபடி மார்க் போட்டுப் பார்த்தேன். அதே நாலு. ஒன்றும் கூடவில்லை.

ஆனால் பசிக்கிறது. ஒரு மாதமாகவே பசிக்கிறது. இல்லாத ஒருவரோடு ஒருத்தி தினமும் இவ்வளவு சண்டை போட மாட்டாள் என்பது இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. அதற்குக் கட்டம் இல்லை, மார்க்கும் இல்லை.

போகிறேன்.

மார்ச் 28, பெரிய வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

ஆறரை மணி ஆராதனை. இயேசு தோட்டத்தில் ஜெபிக்கும்போது சீஷர்கள் தூங்கிப்போன பகுதியை வாசித்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் என் தோளில் பட்டது, அப்படியே இருந்தது.

எங்கள் வரிசை வந்தது. எழுந்தேன். பின்னால் ஒரு சலசலப்பு, எதிர்பார்த்ததுதான். நடுவழியில் நடக்கும்போது செயலாளர் தொண்டையைச் செருமினார். நான் அவரை நேராகப் பார்த்தேன். அவர்தான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார்.

பீடத்தின் மரத்தடுப்பில் முழங்காலிட்டோம். இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் சித்தி. உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினேன். ஐயர் இடமிருந்து வந்தார். அம்மா கையில் அப்பத்தை வைத்தார். என் முன்னால் வந்தார்.

நின்றார். அவர் விரலில் அப்பம் இருந்தது. பத்துப் பைசாக் காசு அளவுதான், வெள்ளையாக, காகிதம் மாதிரி. அவர் முகத்தைப் பார்த்தேன். பரிதாபமாக இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு கமிட்டி, ஒரு முத்திரை, மாற்றலாகி வந்து மூன்று மாதம். உதடு அசைந்தது. பிறகு அந்த விரல்கள் என் கைக்கு மேலே நகர்ந்து சித்தியிடம் போய்விட்டன.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடும். காலியான கையை நீட்டியபடி முழங்காலில் இருந்தேன்.

அப்போது பக்கத்தில் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது, அப்பளத்தின் ஓரம் ஒடிவது மாதிரி. அம்மா தன் அப்பத்தை இரண்டாக ஒடித்தாள். பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். அவசரமே இல்லை. சாப்பாட்டில் மீன்தலையை என் தட்டுக்கு நகர்த்துவாளே, அதே மாதிரி. மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, தலை குனிந்தாள்.

இருபது வருஷமாக ஊர் என்ன சொல்லும் என்று எனக்குச் சொல்லித்தந்தவள்.

சித்தி வாயைத் திறந்தாள். பிறகு அவளும் மூடிக்கொண்டு குனிந்தாள். கிண்ணம் என்னைத் தாண்டிப் போனது. போகட்டும்.

பாதியை அப்படியே வாயில் போட்டிருக்கலாம். போடத்தான் கையைத் தூக்கினேன். எழுந்து திரும்பியபோது கோயிலின் மறுகோடியில் கடைசி பெஞ்ச் தெரிந்தது. தேய்த்த சட்டை. இந்த ஒரு மாதத்தில் அந்த பெஞ்சிலிருந்து கோயில் எப்படித் தெரியும் என்று அறிந்துகொள்ளாமல் இருந்திருந்தால், எங்கள் வரிசைக்குள் நுழைந்து உட்கார்ந்திருப்பேன்.

நேராக நடந்தேன். எங்கள் வரிசையைத் தாண்டினேன். பாட்டு நின்றுவிட்டதா, எனக்குக் காது நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. வேதமாணிக்கம் மாமா நான் வருவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஏட்டி, கிறுக்கி, போட்டி" என்றார், மிக மெதுவாக.

பாதியை மறுபடி ஒடித்தேன். சரியாக ஒடியவில்லை. பெரிய துண்டு அவருக்கு, பொடி எனக்கு. அவர் கையில் வைத்தேன். அந்தக் கையில் ரேகைகளுக்குள் மாவு இருந்தது, எவ்வளவு கழுவினாலும் போகாது என்பார். துண்டு அந்த வெள்ளையில் தெரியவே இல்லை. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், தொலைத்துவிட்டோமோ என்கிற மாதிரி. பிறகு வாயில் போட்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

அவர் கன்னம் நனைந்திருந்தது. மென்றார். முப்பது வருஷமாக ஊருக்கு மாவு அரைத்தவர்.

"உப்பே இல்லட்டி" என்றார்.

மார்ச் 30, சனி

திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. என்னையும் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவை அழைக்கவில்லை. வருவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். வேலம்மாள் அத்தையும் வருகிறாளாம், எனக்கு எடுத்த சேலையோடு. சித்தி, தான் பக்கத்தில் இருந்தும் எதையும் பார்க்கவில்லை என்று செயலாளரிடம் சொல்லிவிட்டாளாம். பதினோராவது மார்க்கையும் விட்டுவிட்டாள்.

ஐயர் இன்று காலை நூலக வாசல்வரை வந்து, திரும்பிப் போனார். திங்கட்கிழமை அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. என்ன சொன்னாலும் நான் எதையும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. அம்மாவும்தான். அவளே சொன்னாள்.

மஞ்சள் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன், கொண்டுபோவதற்கு. ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது. அதையும் நிரப்பிவிட்டேன்.

ஏழாவது கேள்வி: இல்லை. தூங்கிவிட்டேன். நீர் எழுப்பியிருக்கலாம். அதைப் பற்றி உம்மிடம் நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.